நாற்பத்தாறு நாள்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
அல்சூர் ஸ்டேஷனிலிருந்து ஃபோன்.
இவர் பழைய லுங்கியில் அதைச் சுற்றினார்,
குளிப்பாட்டிய பிள்ளையைத் துவட்டும் பதத்தில்.
ஆட்டோவில் என் மடிமேல் கிடத்தி
குழல் வெளியே தெரியாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன்.

இரட்டைக்குழல். பதினொரு வருஷத்தில்
ஒருமுறைகூட வெடித்ததில்லை.
தோட்டா பத்து. வாங்கிய நாளின் அதே பத்து.
ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில்
இவருக்குப் பின்சீட்டு.
சொந்தத் துப்பாக்கியோடு வந்தால் இருபத்தோராயிரம்,
லத்தியோடு வந்தால் பதிமூன்று.
நடுவிலிருக்கும் எட்டாயிரத்தில்தான்
யஷ்வந்த் இங்கிலீஷ் மீடியம் படிக்கிறான்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஓபுல்ரெட்டி.
ஹொஸ்கோட்டே பக்கம் லேஅவுட் போடுகிறவர்.
இடுப்பிலிருந்த தோலுறையை
மோதிரம் கழற்றுவதுபோல் கழற்றி மேசையில் வைத்தார்.
"ரவுடிங்க வந்து வரிசையில நிக்கிறாங்களா?
வரி கட்டுறவன்தான் வெறுங்கையோட போகணுமா?"

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்திருந்த கண்ணாடிக்காரம்மா
பெஞ்சிலிருந்து திரும்பினார்.
"நீங்க ஒண்ணு வச்சிருக்கீங்கன்னுதானே சார்
எதிராளி ரெண்டு வாங்கறான்?"

"மேடம், ராத்திரி பதினோரு மணிக்கு
சர்ஜாபூர் ரோட்ல தனியா நின்னு பாருங்க."

"நின்னிருக்கேன்.
துப்பாக்கி இல்லாதவனைப் பார்த்து நான் பயந்ததில்லை."

ருத்ரேஷ் ஏட்டு தலை நிமிரவில்லை.
நம்பரை எழுதி, ஊதி, மை காயவைத்து,
"முந்தெ பன்னி" என்றார்.

அவர் பேசும்போது அவர் சொல்வது சரியாக இருந்தது.
அந்தம்மா பேசும்போது அந்தம்மா.
என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும்
ஸ்டேஷனில் சொல்லக்கூடியதா அது?

மர்ஃபி டவுனில் எங்களுக்கு ஒரே அறை.
பீரோவுக்குள் அது, பீரோச் சாவி என் தாலிக்கயிற்றில்.
ஒரு தீபாவளி ராத்திரி குடித்துவிட்டு வந்து
தம்பி பெண்டாட்டி சொன்ன ஒரு சொல்லுக்காக
இவர் சாவி கேட்டார்.
தலையணையை உதறினார். அரிசி டப்பாவைக் கவிழ்த்தார்.
நான் அவிழ்த்து வாயில் அடக்கிக்கொண்டு
விடியும்வரை பேசாமல் கிடந்தேன்.
கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன்.
ஊமையாகிவிட்டாயா என்று அடித்தார்.
காலை ஆறு மணிக்கு, டியூட்டிக்கு நேரமாகிறதென்று
அதே சாவியைக் கழுவி
நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஒப்படைத்ததற்கு ஒரு பச்சை ரசீது.
கம்பெனி இவரை இந்திராநகரில்
கார் பார்க்கிங்கில் போட்டது, கையில் விசில்.
பீரோவில் அது நின்ற மூலையில்
யஷ்வந்த் கிரிக்கெட் மட்டையைச் சாய்த்துவைத்தான்.
சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
கழுத்து லேசாக இருந்தது, கொஞ்சம் அரித்தது.

முதல் வாரம் நன்றாகத் தூங்கினேன்.
மூன்றாவது வாரம் பால் பாக்கெட் ஒன்றானது.
ஐந்தாவது வாரம் ஃபீஸ் கட்டச் சொல்லி ஸ்கூலிலிருந்து தாள்.
அன்றைக்கும் தூங்கினேன்.
எழுந்தபோது வெட்கமாக இருந்தது.
ராத்திரிகளில் இவர் விசிலை வாயில் வைத்து
ஊதாமல் உட்கார்ந்திருப்பார்.

எண்ணி முடித்தார்கள். யாரோ ஜெயித்தார்கள்,
தெருவில் பட்டாசு.
ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப்போட்டது,
எங்களுடையது எப்படிச் சத்தம் போடுமென்று
எனக்கு இன்னும் தெரியாது.

இப்போது இவர் ரசீதைத் தேடுகிறார்.
மெத்தையைப் புரட்டுகிறார், காலண்டருக்குப் பின்னால் பார்க்கிறார்.
குடிக்கவில்லை. கோபமில்லை.
நாளை வண்டியில் ஏறியாகவேண்டும், அவ்வளவுதான்.
"எங்கே வச்சே?"

ஃபீஸ் தாளுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்
இரண்டையும் சேர்த்து, என் பர்ஸில்.
சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன்.
நாக்கில் இரும்பு ருசி.