நுனித்தண்ணீர்

சர்க்கரை இருநூற்றி எண்பது என்று
லேப் காகிதம் சொன்ன நாளிலிருந்து
ஞாயிறுகளில் கும்பகோணத்தைச் சுற்றி நடக்கிறோம்
நானும் ஜபருல்லாவும்.
வெற்றிலை மண்டியில் நான் கணக்கு.
எதிர்க்கடையில் அவர் பம்புசெட்டு உதிரிபாகம்.
ஆறு நாளும் உட்கார்ந்தே தேய்ந்த இரண்டு பேர்.

வாரத்துக்கு ஒரு திசை.
போன மாதம் சுவாமிமலைப் பக்கம் போய்
நாய்களிடம் தோற்றுத் திரும்பினோம்.
அதற்கு முன் கொரநாட்டுக் கருப்பூர்.
சாமி கும்பிட இல்லை. கோபுரம் எங்களுக்கு
மைல்கல், அவ்வளவுதான்:
முதுகுக்குப் பின்னால் சிறுத்தால் போகிறோம்,
முகத்துக்கு நேரே பெருத்தால் திரும்புகிறோம்.

இன்றைக்குத் தாராசுரம் மார்க்கெட் தாண்டி,
மிதிபட்ட முட்டைக்கோஸ் தழையின் நாற்றம் தாண்டி
முடிகொண்டான் கரையில் ஏறியபோது
மணி ஆறு பத்து.
ஆறு என்று சொல்ல
இரண்டு கரைகள்தான் மிச்சம்.
நடுவே காட்டாமணக்குப் புதர்,
பையன்கள் நட்டுவிட்டுப் போன மூன்று ஸ்டம்பு,
குவார்ட்டர் பாட்டில்கள்,
யாரோ தைரியமாகப் போட்டிருந்த வெள்ளரிக் கொடி.

ஜபருல்லாவின் போன் காலடி எண்ணும்.
நிழலில் உட்காரும்போதும்
அதைக் கையில் ஆட்டிக்கொண்டே இருப்பார், ஏறும்.
நான் பார்ப்பதில்லை.
மண்டியில் இதைவிடப் பெரிய எண்களையெல்லாம்
பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஷட்டரடியில் பல்சக்கரத்துக்கு
கிரீஸ் தடவிக்கொண்டிருந்த லஸ்கர்
கருப்புக் கையை மேற்கே நீட்டினார்.
'வந்துக்கிட்டு இருக்கு.'
மேட்டூரில் திறந்தது பேப்பரில் படித்ததுதான்.
ஆனாலும் பேப்பரில் வந்தது
கண்ணுக்கு எதிரே வருமென்று நினைக்கவில்லை.

முதலில் வாசனை.
அப்புறம் கொக்குகள், பறக்காமல்,
அவசரமாக நடந்து.
அப்புறம் அது.
சினிமாவில் வருவதுபோல் இல்லை.
ஒரு சாண்கூட உயரமில்லாமல்,
பழுப்பு நுரையை முன்னால் தள்ளிக்கொண்டு,
வைக்கோல், தெர்மாகோல் துண்டு, பந்தாகத் திரண்ட எறும்புகள்
எல்லாம் சுமந்து,
கதவு எண் தேடும் கூரியர்க்காரர் போல
இங்கே நின்று அங்கே எட்டிப் பார்த்து வந்தது.

நாங்கள் திரும்பி அதனோடு நடந்தோம்.
எங்களைவிட மெதுவாக நடக்கிற ஒன்றை
முதன்முதலாகப் பார்க்கிறோம்.
மணல் அள்ளிய குழி வந்தால் உள்ளே இறங்கும்.
காணோம்.
லாரி லாரியாகப் போனதை
அது திரும்ப அளந்து ஊற்றி முடிக்கும்வரை
கரையில் நிற்போம்,
பேருந்தில் வரும் உறவுக்காரருக்கு நிற்பதுபோல.
எட்டு நிமிஷம். ஒரு குழிக்குப் பதினாலு.

மூன்றாவது குழி தாண்டி ஒரு பசு,
ஆற்றுக்குள் முளைக்குச்சியில் கட்டி.
ஜபருல்லா போனை என்னிடம் கூடக் கொடுக்கவில்லை,
கரைக்கல் மேல் வைத்துவிட்டு ஓடினார்.
பதினோரு வருஷப் பழக்கத்தில்
அவர் ஓடி நான் பார்த்ததில்லை.
லுங்கியைத் தூக்கிப் பிடித்து, ஒரு செருப்பை விட்டு,
முடிச்சோடு அவர் மல்லுக்கட்டும்போதே
தண்ணீர் வந்து பசுவின் குளம்பைத் தொட்டது.
அது குனிந்தது. குடித்தது.
நுரையை மட்டும் மூக்கால் ஒதுக்கிவிட்டு.

எதிர்க்கரையில் சாணிக்கூடையோடு ஒரு பெண்:
'நாலு வருஷமா அது பார்க்குது சார்,
நீங்கதான் புதுசு.'

அந்த ஓட்டம் மொத்தமும்
போனில் ஏறவில்லை.
அதை அவரும் சொல்லவில்லை.
ஈரக்கால் ஒன்று, மணற்கால் ஒன்றாக
என்னோடு நடந்தார்.

கோபுரம் பெருத்துக்கொண்டு வந்தது.
வெள்ளரிக் கொடியிடம் தண்ணீர் தயங்கவில்லை;
யார் போட்டது என்று கேட்கவுமில்லை.
ஸ்டம்புகளுக்கு முன்னால் மட்டும்
ஒரு மேடு. கொஞ்சம் சுற்றிக்கொண்டு,
லெக் பக்கம் போவதுபோல் போய்த்
திரும்பி உள்ளே வந்தது.

நடு ஸ்டம்பு மெல்லச் சாய்ந்தது.

'அவுட்' என்றார் ஜபருல்லா,
ஒற்றைச் செருப்பில்
கையைத் தூக்கி.