மூன்று நட்சத்திரம்

கனசாவாவிலிருந்து வந்தது.
மூன்றே மூன்று.
வாசனைக்கு நான்கு வரிப் புகழ்ச்சி,
பொட்டலம் கட்டிய கைக்கு ஒரு வணக்கம்,
பிறகு மிகுந்த தயக்கத்துடன்:
ஏழு வனிலாக் காயில் ஒன்று
பதினேழு சென்டிமீட்டர் இல்லை, பதினாறு.
இன்னொன்றின் மேல் வெள்ளையாக ஏதோ.
சொல்ல நேர்ந்ததற்கு மன்னிக்கவும்.

இப்படித் திட்டு வாங்கி எனக்குப் பழக்கமில்லை.
காரைக்காலில் என்றால் தெருமுனை வரை கேட்கும்.
இங்கே சேந்த் ஆந்த்ரே சந்தையில் என்றால்
காயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்
அடுத்த வெள்ளிக்கிழமை அதே கடைக்கு வருவார்கள்.
கும்பிட்டுக்கொண்டே இரண்டு நட்சத்திரத்தைக்
கழற்றிக்கொண்டு போகிறவரை
எந்தக் கணக்கில் எழுத?

என் பெயர் தனகோடி.
பிரெஞ்சுப் பதிவேட்டில் ஒரு மாதிரி முறிந்து
ஜப்பான் எழுத்தில் வேறு மாதிரி நீண்டு
இப்போது தானாகோதி-சாமா.
தானாய்க் கொதி.
சரியாகத்தான் கூப்பிடுகிறார்கள்.
சாமா என்றால் மரியாதை, என்கிறான்
தபால் கவுண்டர் ழொஸ்லேன்.
மாங்கா படித்துத் தெரிந்துகொண்டானாம்.
மாங்கா என்றால் எனக்கு உப்பும் மிளகாயும்,
அவனுக்குப் படக்கதை.
நான் கொஞ்ச நாள் சாமி என்றே நினைத்திருந்தேன்,
உண்டியல் இல்லாத சாமி.

போன மாதம் ஒசாகாவிலிருந்து ஒருவர்:
தோலில் வரிசையாகப் புள்ளிகள், பூச்சி கடித்ததா?
இல்லை ஐயா, குண்டூசி.
காய் கொடியில் பச்சையாக இருக்கும்போதே
தன் முதலெழுத்தைக் குத்திவைப்பார் மூத்துசாமி,
ராத்திரி பறித்துப்போகிறவன்
எங்கே விற்றாலும் அது காட்டிக்கொடுக்கும்.
திருடன் என்ற சொல்லைக் கடல் தாண்டி அனுப்பலாமா
என்று யோசித்து
'விளைவித்தவர் கையொப்பம்' என்று எழுதினேன்.
ஐந்து நட்சத்திரம்.

ஆனால் வெள்ளைக்கு என்ன சொல்வது?
பூஞ்சை இல்லை அம்மா அது.
நல்ல காய், பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்து
தன் வாசனையைத் தோல்மேல்
ஊசி ஊசியாக வெளியே விடும்.
இங்கே அதற்குப் பனிப்படிவு என்று பெயர்,
தனி விலை.
தவறி உங்கள் பொட்டலத்தில் விழுந்த லாபம்.

இரவு பத்து. அங்கே விடிகாலை மூன்று.
தமிழில் யோசித்து, பிரெஞ்சில் தட்டி,
மொழிபெயர்ப்பான் வழியே தள்ளி,
வந்ததைத் திரும்பப் பிரெஞ்சுக்கு மாற்றிப் பார்த்தால்:
"உங்கள் காய்க்குக் குளிர்காலம் வந்துள்ளது.
தயவுசெய்து கவலைப்படாதீர்கள்."
அழித்தேன்.
வேறு விதமாக எழுதினேன்.
மறுபடியும் குளிர்காலம்.
பதினொன்றரைக்கு, போகட்டும் என்று அனுப்பினேன்,
3,980 யென்னைத் திருப்பித் தருவதாகவும்.

பிறகு புயல் எச்சரிக்கை.
தபால் நிலையம் மூடி, மின்சாரம் போய்,
பெட்டிகளைக் கட்டில்மேல் ஏற்றிவைத்து
நான்கு நாள்.

விளக்கு வந்ததும் போனில் ஒரு படம்.
ஜன்னல் கண்ணாடி.
உள்ளே யாரோ விரலால் துடைத்த வட்டம்,
வெளியே ஊசி ஊசியாக வெள்ளை.
கீழே ஒரு வரி:
எங்களுக்கும் வந்துள்ளது.
பணம் வேண்டாம்.

நட்சத்திரம் மாறவில்லை.
மூன்று மூன்றாகவே நிற்கிறது,
யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.
மறுபடி ஏழு காய் கேட்டிருக்கிறார் ஓகுமுரா அம்மாள்.
குறிப்பு: பதினாறு சென்டிமீட்டரே இருக்கட்டும்,
என் ஜாடி குட்டை.

ஸ்கேலோடு மூத்துசாமியிடம் போனேன்.
ஓடு பறந்த கொட்டகையில் நின்று
நீளக் காயாகவே எடுத்து நீட்டினார்.
குட்டையா? எவர் கேட்டது? என்று
இரண்டு முறை கேட்டார்.
ஆறு கிடைத்தது.
ஏழாவது பதினாறரை.

மணி பத்து.
மன்னிப்புக் கடிதம் எழுத
உட்கார்ந்திருக்கிறேன்.