மாத்திரை

ஸ்லிவெனிலிருந்து விடியற்கால பஸ்ஸில்
சோஃபியா வந்தார்கள், ஸ்டெஃப்காவும் மகளும்.
ருசாலினாவுக்கு ஏழு வயது.
மோவாயைத் தூக்கித்தான் எதையும் பார்ப்பாள்,
இமைக்கடியில் மிஞ்சிய கீற்று வழியே.
ஆசிரியை குறிப்பேட்டில் எழுதியிருந்தார்: தூங்குமூஞ்சி.
அடுத்த வரியில்: தலைக்கனம்.
காலையில் பாதி திறந்த கண்
சாயங்காலம் கடை சாத்திவிடும்.

ஆய்வுக்கூடத்தில் தசை சீவுவது என் வேலை.
கோதுமைமணி அளவு சதை.
அதில் நான் தேடுவது ஐவரை.

தோளோடு தோள் ஒட்டி வட்டமாய் நின்று
நடுவில் துளை விடும் ஐந்து புரதங்கள்:
ஆல்ஃபா இரண்டு, பீட்டா, டெல்ட்டா, எப்சிலான்.
செல்லுக்குள் முதலில் ஜோடி சேரும்.
ஓர் ஆல்ஃபா டெல்ட்டாவோடு,
மற்றது எப்சிலானோடு.
கடைசியில் பீட்டா வந்து வட்டத்தை அடைக்கும்.
கூட்டுச் சேராததற்கு வெளியே அனுமதியில்லை;
உள்ளேயே அரைபடும்.

சேதி கொண்டுவரும் அசிட்டைல்கொலின்
தனியாக யார் மடியிலும் உட்காராது.
இருவர் உரசும் இடுக்கில்தான் அதற்கு இடம்.
ட்ரிப்டோஃபானும் டைரோசினும் சுவராய் நிற்கும்
சின்னஞ்சிறு அறை.
உள்ளே போனதும் ஒரு மடிப்பு
இமைபோல் மூடிக்கொள்ளும்.
ஓர் அறை நிறைந்தால் போதாது.
இரண்டு சிறிய இமைகள் மூடினால்
துளை திறக்கும், சோடியம் பாயும்,
ஒரு பெரிய இமை மேலே எழும்.
திறந்திருப்பதோ
இமைப்பொழுதில் நூற்றிலொரு பங்குகூட இல்லை.

ருசாலினாவின் எப்சிலானில் ஓர் எழுத்து இல்லை.
ஒன்றே ஒன்று.
மும்மூன்றாய்ப் படிக்கும் மொழியில்
ஒன்று விழுந்தால் அதற்குப் பின் எல்லாம் உளறல்.
நியாயப்படி வட்டமே கூடியிருக்கக் கூடாது.
ஆனால் கட்டுவிரியன் நஞ்சில் நிறமேற்றி
(ஆல்ஃபாவைப் பிடித்தால் அது விடாது)
சீவல்மேல் ஊற்றியபோது
பச்சையாய், மங்கலாய், அங்கங்கே மின்னல்.
யாரோ நிற்கிறார்கள் அந்த ஐந்தாம் இடத்தில்.

காமா.
கருவில் இருந்த நாள்களின் ஆள்.
பிறந்தபின் எப்சிலானுக்கு இடம்விட்டு
விலகியிருக்க வேண்டும்.
மாற்று ஆள் வரவில்லை என்று
இன்னும் ஷிஃப்ட் முடிக்காமல் நிற்கிறது.

ஸ்டெஃப்காவுக்கு நெசவாலையில் இரவுவேலை.
நான் சொன்னதைக் கேட்டு
ஆமென்று பக்கவாட்டில் தலையாட்டினாள்.
“அதுக்கும் ஓவர்டைம் கூலி கிடையாதா?”

டாக்டர் வெலிஸ்லாவா எழுதித் தந்தது மாத்திரை.
வட்டத்தை அது பழுதுபார்க்காது.
சேதியை அழிக்கும் நொதியைக் கொஞ்சம் தடுத்து
சேதி இன்னொரு முறை கதவைத் தட்டவிடும்.
இமைக்கும் நேரத்துக்கும் மாத்திரை என்றே பேர்,
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.
ஒரு குறிலை நெடிலாக்க முடிகிறது எங்களால்.
அவ்வளவுதான்.

நாற்பது நிமிஷம் கழித்து, வராந்தாவில்
ருசாலினா மோவாயை இறக்கினாள்.
நேராக என் முகத்தைப் பார்த்தாள்.
அப்புறம் என் கால்களை.
“செருப்பு ரெண்டும் வேற வேற ஜோடி,”
என்றாள்.