எதிர்மனுதாரர்

இரவு இரண்டு மணி பதினான்கு நிமிடத்துக்கு
தூங்கா நகரத்தில்
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
என் கையெழுத்து விழித்திருந்தது.

போன ஆடியில் நான்தான் அதைக் கொடுத்தேன்.
முப்பத்தெட்டுக் கிளைகள், அத்தனை அடகுச் சீட்டு,
நேரம் மிச்சமாகும் என்றார்கள்.
விரலை நீட்டினேன்.

தங்கம் விழப்போகிறது என்று
எங்கிருந்தோ மோப்பம் பிடித்து
ஆயிரத்து முந்நூற்று நாற்பது பொட்டலங்களை
அது ஏலத்துக்கு அனுப்பியது.
விதி எதையும் மீறவில்லை.
தவணை தப்பியவை, அறிவிப்பு போனவை,
ஒவ்வொன்றின் கீழும் என் பெயர்
ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில்.
எனக்கே அவ்வளவு ஒழுங்காகப் போட வராது.

விடிந்து பார்த்தால் விலை விழுந்திருந்தது.
நாற்பத்தொரு லட்சம் மிச்சம்.
பெங்களூரிலிருந்து ஒரு முகம்
திரையில் வந்து வாழ்த்துச் சொன்னது.
நானும் அல்வா வாங்கிவரச் சொன்னேன்.
அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான்காம் நாள் உசிலம்பட்டிக் கிளையில்
பஞ்சவர்ணம் என்றொரு பெண்.
கையில் சீட்டு, முந்தானை முடிச்சில் வட்டிப் பணம்.
ஒரு ஜோடி ஜிமிக்கி, ஏழு கிராம் இருநூறு மில்லி,
இடப்பக்கம் ஒரு கல் இல்லை,
திருகாணி நிற்காததால் நூல் சுற்றியிருக்கும்.

"சிஸ்டம் வித்திருச்சுக்கா" என்றான் ஜோதிமுருகன்.
"யாருய்யா அந்தாளு? எந்த ஊரு?"
"ஆளு இல்லக்கா..."
"ஆளு இல்லாமயா என் ஜிமிக்கி போச்சு?
அவரக் கூப்பிடு. ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

வரிசையில் யாரோ சிரித்திருக்கிறார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி
அவனையே எழுதச் சொல்லியிருக்கிறாள்.
எதிர்மனுதாரர்: சிஸ்டம்.
ஊர்: தெரியவில்லை.

விசாரித்தேன்.
மூன்று குறுஞ்செய்திகள் போயிருந்தன, சேர்ந்தும் இருந்தன,
அவள் எப்போதோ விட்டுவிட்ட எண்ணுக்கு.
அந்த எண் இப்போது திருப்பூரில் ஒருவரிடம்.
மூன்றையும் அழித்துவிட்டார். அவர்மேல் என்ன தப்பு?
நிரல் எழுதியவர் மேல்? ஜோதிமுருகன் மேல்?
குற்றம் ஒரு வாடகை ஆட்டோ மாதிரி
வாசல் வாசலாக நின்று
யாரும் ஏறாமல் கிளம்பிக்கொண்டிருந்தது.
கடைசியில் விளக்குத்தூண் பக்கம் திரும்பி
என் வீட்டு எதிரில் வந்து நின்றது.

ஜிமிக்கி உருகிவிட்டது.
அதே எடையில் புதிதாய் ஒன்று வாங்கி
நானே போனேன்.
வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தேன்.
'துரதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லைச்
செக்கானூரணியிலேயே தூக்கிப் போட்டேன்.
செல்லம்பட்டி தாண்டி, பருத்திமார் அடுக்கிய வீடு.
உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.
"எடை சரியாத்தேன் இருக்கு."
பிறகு திருகாணியைத் தடவி,
"நூலக் காணமே" என்றாள்.
வாங்கிக்கொண்டாள்.
காப்பி தரவில்லை.

இயக்குநர்கள் கூட்டத்தில் சொன்னேன்:
அது கணக்குப் போடட்டும், எச்சரிக்கட்டும்.
விற்பதற்கு முன்னால் ஒரு மனிதர்
இன்னொரு மனிதரின் குரலைக் கேட்டாக வேண்டும்.
"அதற்குள் விலை இறங்கிவிடுமே" என்றார் கிருபாகரன்.
இறங்கும் என்றேன்.
"அப்புறம் யார் பொறுப்பு?"
அதைத்தான் சொல்கிறேன் என்றேன்.

மூன்று மாதத்தில் பதினொரு லட்சம் போயிருக்கிறது.
இரவு பத்து மணிக்குப் பட்டியல் வரும்.
வாய்விட்டு வாசிக்கிறேன்.
கருமாத்தூர் தவமணி, எழுமலை ஜெசிந்தா,
பேரையூர் காதர்மைதீன்.
எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை.
சில இரவுகளில் நானும் விற்கிறேன்.
விழித்திருந்து விற்கிறேன்,
நாளை அவர்கள் முகத்தில்
விழிக்க வேண்டுமே என்று.

அந்தப் புகார்ப் புத்தகம் என் மேசையில் இருக்கிறது.
'சிஸ்டம்' என்பதை ஒரு கோடிட்டு அடித்து
மேலே எழுதினேன்: கோ. அங்கயற்கண்ணி.
ஊர்: மதுரை.
பேனா கொஞ்சம் கசிந்தது.
கையெழுத்து இந்த முறை
கோணலாகத்தான் வந்தது.