காரணம் என்ற கட்டம்

ஒவுலு நகரத்தில் அன்றிரவு வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வாகன நிறுத்தத்தில் கம்பத்துக்கு ஒன்றாக
மின்கயிறு செருகிய கார்கள்,
குளுக்கோஸ் ஏறும் நோயாளிகள் போல.

உள்ளே அவுனே கெம்பைனென்
எஃகுப் பெட்டியின் வால்வைத் திருகுகிறாள்.
சீறிக்கொண்டு இறங்குகிறது திரவ நைட்ரஜன்.
பெட்டிக்குள் கட்டைவிரல் நகமளவு ஒரு சில்லு.
நிலவுக்குப் போகவேண்டியது.
அங்கே பகல் பதினான்கு நாள் பொசுக்கும்,
இரவு பதினான்கு நாள் கடிக்கும்,
இடையில் மழைக்காலம் என்று ஒன்று கிடையாது.

மைனஸ் நாற்பது. திரையில் அலை அழகாய் ஏறி இறங்குகிறது.
மைனஸ் நூறு. முனை மழுங்குகிறது.
மைனஸ் நூற்றெண்பத்திரண்டு:
நேர்கோடு.
ஆஸ்பத்திரித் திரையென்றால்
உறவினரை உள்ளே கூப்பிடும் நேரம்.

வெய்யோ கோட்டை மாட்டிக்கொண்டான்.
"பேசாமல் ஹீட்டர் வைத்துவிடலாம். நாற்பது கிராம் கூடும், அவ்வளவுதானே."
"இரு," என்றாள்.

சில்லு தேடத் தொடங்கியிருந்தது.
எந்தச் சுவிட்சைத் திறப்பது, எதைச் சாத்துவது.
ஒரே மூச்சில் நூறு வரைபடம் வரைந்து
தொண்ணூறைக் கிழித்தெறிந்து
மிஞ்சியதில் ஒன்றின் தலையை
இன்னொன்றின் காலோடு ஒட்டி
மறுபடி நூறு.
குருட்டுத் தேடல்தான். கையில் கோல்கூட இல்லை.
முந்நூறாம் தலைமுறையில் கோட்டில் ஒரு நடுக்கம்.
மூன்று மணி நாற்பதுக்கு
அலை எழுந்தது.

பிரித்துப் பார்த்தார்கள்.
பதினேழாம் டிரான்சிஸ்டர்.
கசிகிறது, உதவாது என்று
போன மாதமே வெய்யோ சிவப்பு மையால் அடித்தது.
அதன் வழியாகத்தான் போகிறது மின்சாரம்,
அந்தக் கசிவிலேயே கால்வைத்து.
"இது எப்படி வேலை செய்கிறது?"
அவுனே உதட்டைப் பிதுக்கினாள்.

பிறகு சூடேற்றினார்கள். பிளஸ் நூற்றிருபது.
அலை சரிந்தது. திரும்பவும் தேடல்.
அவுனே வடித்த முதல் சுற்றுக்கே வந்துசேரும் என்று
ஒரு காப்பிக்குப் பந்தயம் கட்டினான் வெய்யோ.
தோற்றான்.
மூன்றாவதாக ஒன்றைப் பிடித்து
அதில் நின்றுகொண்டது சில்லு.
ஆறு வருடம் அவள் இழைத்த சுற்று
கோப்பில் கிடந்தது.
வருத்தப்படவேண்டுமோ என்று யோசித்தாள்.
காப்பி சூடாக இருந்தது.

அறிக்கைப் படிவத்தின் கடைசிக் கட்டம்: காரணம்.
'அதையே கேளுங்கள்' என்று எழுதி, அடித்து,
'17' என்று மட்டும் போட்டாள்.

வெளியே வந்து கயிற்றைப் பிடுங்கினாள்.
கார் இருமியது. நின்றது.
சாவியை எப்படித் திருப்பினாலும் அதே இருமல்.
கம்பத்தில் டைமரை அமைக்க மறந்தது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
முதல் பேருந்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.
உறைந்த கடல்மேல்
யாரோ சைக்கிளில் போன தடம் தெரிந்தது.
தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
அதில் இறங்கினாள்.