ஒரு மூணு குறைவு

இரவு பதினொன்று பத்துக்கு
வெலிமடையிலிருந்து இல்ஹாம் அனுப்பினான்:
இலக்கம் திரும்ப வராத எண்களை மட்டும்
வரிசையாகச் சொல்ல வேண்டும்,
குறைந்த எழுத்தில் எழுதுபவருக்கு வெற்றி.
அவனுடையது அறுபத்தொன்று.
தோற்றவர் ரீலோட் போட வேண்டும், நூறு ரூபாய்.

பொகவந்தலாவையில் எங்கள் பிரிவுக்கு
தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள பாறையில்தான் சிக்னல்,
அதுவும் இரண்டு கோடு.
போர்வையைத் தலையோடு இழுத்துக்கொண்டு
கட்டைவிரலால் எழுதினேன்.
பனித்துளி ஒன்று திரையில் விழுந்து
தன் பங்குக்கு ஒரு பூச்சியத்தைத் தட்டியது.

பன்னிரண்டு சரி. பதினொன்றைத் தள்ளு.
நூற்றியிரண்டு சரி. நூற்றியொன்றைத் தள்ளு.
ஆயிரம் வரைக்கும் சலித்தால்
எழுநூற்று முப்பத்தெட்டுதான் தேறும்.
எண்ணைப் பிரித்து ஒரு பையில் கொட்ட வேண்டும்,
அந்தப் பை ஒரே இலக்கத்தை
இரண்டாம் தடவை வாங்காது.
கொட்டிய அளவும் உள்ளே போன அளவும் ஒன்றானால்
எண் நல்ல எண்.

மிச்சமெல்லாம் கவ்வாத்து.
இடைவெளியை வெட்டு, அடைப்பை வெட்டு,
மாறிக்கு எதற்குப் பெயர், ஓரெழுத்துப் போதும்.
ஐம்பத்தேழு.
ஐம்பத்து நான்கு.
இனி வெட்டினால் செடி பட்டுப்போகும் என்று
கத்தியைக் கீழே வைத்தபோது

ஏழே எழுத்தில் ஒன்று வந்தது அவனிடமிருந்து.
பிரித்துப் படித்தால் இப்படி:
ஏதோ ஒன்று,
பிறகு என்ன வந்தாலும் வரட்டும்,
மறுபடி அதே ஒன்று.
இதில் மாட்டுவதைத் தள்ளிவிடு, மிஞ்சுவது விடை என்றான்.

எரிச்சலாக இருந்தது.
இதை எங்கள் மலையில் எவராவது
எப்போதோ எழுதியிருக்க வேண்டும்:
பெரட்டு,
பிறகு மழையோ அட்டையோ அரைப்பேரோ,
மறுபடி பெரட்டு.

சும்மா வருசங்களை உள்ளே விட்டுப் பார்த்தேன்.
ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தேழு என்றது.
அடுத்த வரி இரண்டாயிரத்துப் பதின்மூன்று.
நடுவில் ஒன்றுமில்லை.
அம்மா செக்ரோலில் ஏறியது எண்பத்தெட்டு தையில்,
இறங்கியது பன்னிரண்டு மார்கழியில்.
இருபத்தைந்து வருசம் கொழுந்து,
ஒரு வரியும் அச்சாகவில்லை.

நிரல் மேல் பிழையில்லை. சொன்னதைத்தான் செய்தது.

அம்மாவின் சேமலாப நம்பர்
மூன்று மூன்று பூச்சியம் எட்டு.
பாரத்தில் யாரோ எழுதியது மூன்று பூச்சியம் எட்டு.
கணக்கப்பிள்ளையிடமும் அந்தப் பை இருந்திருக்கிறது,
இரண்டாவது மூன்றை அது வாங்கவில்லை.
முந்நூற்றெட்டு, அந்தோனிமுத்து என்று ஒரு ஆள்.
அவர் செத்து, காசை எடுத்து, கணக்கும் மூடியாயிற்று.
"ஒரு இலக்கம்தானே" என்று
ஹட்டன் கந்தோரில் நாலு தடவை சொன்னார்கள்,
நாலு தடவையும் வேறு வேறு ஜன்னலில்.

அந்த நம்பரும் இந்த நம்பரும்
பேச்சாயி என்கிற ஒரே ஆள்தான் என்று
சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி.
போட்டோக் கொப்பிக் கடையில் நானே அடித்தேன்.
ஒரு மூன்றைத் திரும்ப வைக்க
இரண்டு பக்கம், முந்நூற்றுப் பதினாறு சொல்.
எங்கேயும் வெட்ட முடியவில்லை.
"மேற்படி" என்ற சொல் மட்டும் ஒன்பது தடவை.

இல்ஹாமுக்கு ரீலோட் போட்டுவிட்டேன்.
பத்தொன்பதுக்குப் பிறகு முப்பத்தொன்றுதான் தேறுமாம்,
அதுவரைக்கும் நாமெல்லாம் தள்ளுபடி என்று
சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினான்.

காலை ஆறரை பஸ். மறுபடி ஹட்டன்.
மறுபடி அதே ஜன்னல்.
நம்பர் என்ன என்றாள் உள்ளே இருந்தவள், நிமிராமல்.
அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
மூணு.
அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்தாள்.
பிறகு,
இன்னொரு மூணு.