உம் கொட்டும் சக்கரம்

முள்ளோடையில் பெட்ரோல் போட்டுத் திரும்பும்போதுதான்
முதலில் கேட்டது.
லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்க
எல்லை தாண்டிப் போய் வந்த சந்தோஷத்தில்
ரெட்டிச்சாவடி கடந்து ஐம்பதைத் தொட்டேன்.
யாரோ வாய் திறக்காமல்
'ம்' என்றார்கள்.

அறுபதில் அது 'ம்ம்ம்'.
நாற்பதுக்கு இறங்கினால் ஒன்றுமில்லை.
கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவார்களே, அப்படி.
நான்தான் எதுவும் சொல்லவில்லையே.

"சத்தம் கேக்குதா?"
மாசிலாமணி சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி வந்தார்.
சிப்காட்டில், கம்ப்ரசர் அறையில், பத்தொன்பது வருஷம்.
குக்கர் விசில், காலிங் பெல், என் குரலில் முக்கால்வாசி
அங்கேயே ஒப்படைத்துவிட்டு
ஓய்வூதியக் காகிதத்தோடு வந்தவர்.
தோளைத் தட்டினேன். திரும்பிச் சிரித்தார்.

கியரை நியூட்ரலில் தள்ளினேன்.
எஞ்சின் அடங்கியது, உம் அடங்கவில்லை.
பாலத்து கான்கிரீட்டில் ஏறும்போது
டயர் தன் ராகத்தை மாற்றிக்கொண்டது,
இது மாற்றவில்லை.

இம்பீரியல் ரோட்டு டயர்க்காரர்
குனியாமலே சொன்னார்: "நாலும் போச்சு மேடம்."
பதினெட்டாயிரம்.
முதலில் முன்னதைப் பின்னால் மாற்றிப் பாருங்கள் என்றேன்.
முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மாற்றினார்.
டயர்கள் இடம் மாறின. சத்தம்
வீடு மாறவில்லை.

ஞாயிறு விடிகாலை, சில்வர் பீச் ரோடு.
நடைப்பயிற்சிக்காரர்கள் வருமுன்
பாம்பு போல ஓட்டினேன்.
வலப்பக்கம் ஒடித்தால் தடித்தது,
இடப்பக்கம் ஒடித்தால் மெலிந்தது.
வலது சக்கரம் என்று வீடுவரை நம்பிக்கொண்டு வந்தேன்.
பல் தேய்க்கும்போதுதான் தோன்றியது:
பஸ் வலப்பக்கம் ஒடிந்தால்
நிற்கிறவர்கள் இடப்பக்கம் அல்லவா சரிவார்கள்.
பாரம் விழுகிற தோள்தானே முனகும்.

இடது சரி. முன்னா, பின்னா?

முதுநகரில் அந்துவான் பட்டறை.
ஜாக்கியில் ஒரு பக்கமாகத் தூக்கிவைத்து
மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்: ஆட்டம் இல்லை.
ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.
பக்கத்துக் கடையில் கிரில் கேட் வெல்டிங்.
"இந்த இரைச்சல்ல
எந்தக் காதுக்குக்கா கேக்கும்?"

ஸ்டூலில் இருந்தவர் எழுந்து வந்தார்.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
முன்சக்கரத்தின் உள்ளே கையை விட்டு
சுருள் ஸ்பிரிங்கை மெல்லப் பற்றினார்,
காய்ச்சல்காரக் குழந்தையின் கணுக்காலைப் பிடிப்பதுபோல்.
"சுத்து."
சுற்றினேன்.
கண்ணை மூடிக்கொண்டார்.
பின்சக்கரத்துக்குப் போனார். "சுத்து. ம்ஹூம்."
திரும்ப முன்னால் வந்தார்.
"இதுதான். உள்ள மண்ணு அரைக்குது."

அந்துவானும் கை வைத்துப் பார்த்தார்,
நானும் வைத்தேன்.
மூன்று வாரமாக என் காதில் இருந்தது
உள்ளங்கையில் எறும்பாய் ஊர்ந்தது.

நவம்பர் வெள்ளத்தில் கோண்டூரில்
அச்சு முங்க மூன்று நாள் நின்ற வண்டி.
கழற்றிய பேரிங்கின் உள்வளையத்தில்
கடுகளவு துரு, அதன் பக்கத்தில் இன்னொரு கடுகு.
துணியில் சுற்றிக் கொடுத்தார் அந்துவான்.
எதற்கென்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன்.

மறுபடி முள்ளோடைச் சாலை.
ஐம்பது. அறுபது. எழுபதுகூடத் தொட்டேன்.
"போச்சா?" என்றார், தேவைக்கு மேல் உரக்க.
காதைத் தீட்டினேன்.
கண்ணாடி ரப்பரில் காற்று,
பின்சீட்டில் தண்ணீர் பாட்டில் உருள்கிறது,
அவ்வளவுதான்.
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து
விரித்துக் காட்டினேன்: இல்லை.

நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.
தங்கை வீட்டுக் கல்யாண விவகாரத்தை
நான் பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.
கன்னியக்கோயில்வரை சொல்லிக்கொண்டே போனேன்.
யாரும் உம் கொட்டவில்லை.

வலது பின்பக்கம் எங்கோ
'டிக்' என்று ஒன்று, பிறகு இன்னொன்று.
டேங்க் நிரம்பட்டும்,
அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.